வயர்மேனுக்கு உண்டு, கவுன்சலருக்கு?

போன வருஷம் எங்கள் பேட்ச் நண்பர்கள் ஏற்காட்டில் கூடினோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஒரே அரட்டை. ஒருத்தன் மட்டும் வாயே திறக்கவில்லை. சாயங்காலம் லேடீஸ் சீட்டில், கீழே சேலத்து விளக்குகள் எரிய ஆரம்பித்த நேரம், மெதுவாகச் சொன்னான்: “ரெண்டு பேரும் கவுன்சலிங் போனோம்டா. அங்க சொன்னது ஒரே வாரத்துல சொந்தக்காரங்க காதுக்குப் போயிடுச்சு. யார்கிட்ட புகார் பண்றது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. வயரிங் செய்பவருக்கே தகுதிச் சான்றிதழ் கேட்கும் துறை நம்முடையது. குடும்பத்தைச் சரிசெய்பவருக்குக் கிடையாதா? தேடிப் படித்தேன்.

அந்தக் காலத்தில் இதே சேர்வராயன் மலை ஊர்களில் கணவன் மனைவி சண்டையை ஊர்ப் பெரியவர்கள்தான் பேசித் தீர்த்தார்கள். ரகசியம் என்று ஒன்றும் இல்லை. ஆனால் பெரியவர் தவறினால் ஊரே கேள்வி கேட்கும். அதுதான் அவருக்கு மேற்பார்வை.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 1963-லேயே திருமண, குடும்ப ஆலோசகர்களுக்கு லைசென்ஸ் சட்டம் போட்டது. இன்று அங்கே அனுபவசாலி ஒருவரின் மேற்பார்வையில் 3,000 மணி நேரம் வேலை பார்த்தால்தான் லைசென்ஸ்.

நம் நாட்டில் 1984-ல் வந்த குடும்ப நீதிமன்றச் சட்டம் கோர்ட்டுக்குள் கவுன்சலர்களுக்கு இடம் கொடுத்தது. வெளியே போர்டு மாட்டுபவரை அது தொடவில்லை. 1992-ல் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம் வந்தது. மருத்துவ உளவியலாளர்கள் அதில் பதிவு செய்ய வேண்டும். மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. மேற்பார்வையுடன் கூடிய பயிற்சி வேண்டும் என்பதை 2017 மனநலச் சட்டமும் எழுதி வைத்தது. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் மற்ற உளவியலாளர்களையும் சில வகைக் கவுன்சலர்களையும் பட்டியலில் சேர்த்தது. ஆனால் குடும்ப சிகிச்சையாளர் என்று தனி லைசென்ஸ் இன்னும் நம்மிடம் இல்லை.

ஆக, ஊர்ப் பெரியவரை விட்டுவிட்டோம். அவரைக் கேள்வி கேட்ட ஊருக்குப் பதிலாக எதையும் முழுசாக வைக்கவில்லை.

தம்பி, தங்கைகளே, நாளைக்கு உங்களுக்கும் தேவைப்படலாம். வெட்கப்படாமல் போங்கள். ஆனால் மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன படிப்பு? பதிவு எண் உண்டா? உங்கள் வேலையை யார் மேற்பார்க்கிறார்கள்?

நண்பனும் அவன் மனைவியும் இப்போது பதிவு பெற்ற ஒருவரிடம் போகிறார்கள். இந்த ரீயூனியனுக்கு ரெண்டு பேரும் சேர்ந்து வருவதாகச் சொல்லியிருக்கிறான். பார்ப்போம்!