கொங்கு உறவுமுறையின் கணிதம்

கொங்கு வேளாளரின் கூட்டம் எனப்படும் தந்தைவழிப் பிரிவையும், பங்காளி, மாமன் மச்சான் என்னும் முறைகளையும் கணித விதிகளாகக் கொண்டு ஆராயும் முயற்சி இது. கொங்கு 24 நாடுகளுள் வடபரிசார நாட்டைச் சேர்ந்த அவிநாசிப் பக்கம் பெண் பார்க்கும் பேச்சு, 'நீங்க எந்தக் கூட்டமுங்க?' என்றே தொடங்கும். அந்துவன், ஆந்தை, கண்ணன், காடை, செம்பன், பயிரன் எனக் கூட்டங்கள் பல. தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியர் பெரியசாமித் தூரனின் பெயரில் உள்ள 'தூரன்' என்பதும் கூட்டப் பெயரே. பிறப்பால் ஒவ்வொருவரும் தந்தையின் கூட்டம். இரண்டு கூட்டத்தில் ஒருவர் இருக்க முடியாது, எதிலும் சேராதவரும் இல்லை. கணிதத்தில் 'ஒரே கூட்டத்தார்' என்னும் உறவு தற்சுட்டு, சமச்சீர், கடப்பு ஆகிய மூன்று பண்புகளும் உடைய சமானத் தொடர்பு. ஒரே கூட்டத்தார் பங்காளிகள். அவர்களுக்குள் கொள்வினை கொடுப்பினை இல்லை.

ஆனால் கூட்டம் மட்டுமே உறவைத் தீர்மானித்துவிடுவதில்லை. அம்மாவும் சின்னம்மாவும் வேறு வேறு கூட்டங்களில் வாழ்க்கைப்பட்டிருந்தாலும் அவர்கள் பிள்ளைகள் அண்ணன் தங்கை முறையே. மாமனுடைய மச்சான் எந்தக் கூட்டமானாலும் சித்தப்பன் அல்லது பெரியப்பன் முறை. பங்காளியின் பங்காளி பங்காளி. பங்காளியின் மச்சான் மச்சான். மச்சானின் மச்சான் கூட்டம் வேறானாலும் மறுபடியும் பங்காளி முறை. மிகை, குறை எண்களைப் பெருக்கும்போது குறி மாறும் விதியும் இதுவே. இரண்டே உறுப்புகள் கொண்ட குலம் (group) என்று இயற்கணிதம் இதைச் சொல்லும். திருமண விதிகளுக்குக் குலக் கோட்பாட்டை முதலில் பொருத்தியவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஆந்திரே வெய். 1949இல் வெளிவந்த, மானிடவியலாளர் லெவி ஸ்ட்ராஸின் உறவுமுறை நூலுக்கு அவர் எழுதிய பின்னிணைப்பு ஆஸ்திரேலியப் பழங்குடிகளைப் பற்றியது. திராவிட உறவுச்சொற்களின் அடிப்படை மண உறவே என்று மானிடவியலாளர் லூயி துய்மோன் 1953இல் காட்டினார். கொங்கு நாட்டில் தங்கிக் களஆய்வு செய்த பிரெண்டா பெக்கின் நூல் 1972இலும், ஆய்வாளர் டிராட்மனின் 'திராவிட உறவுமுறை' 1981இலும் வந்தன.

நடப்பு இந்த விதிக்கு அடங்குவதில்லை என்பர். ஒரு வழியில் மாமன் முறையாகும் ஒருவர் இன்னொரு வழியில் அண்ணன் முறையாவதும், பெரியவர்கள் உட்கார்ந்து பேசி ஒரு வழியை எடுத்துக்கொள்வதும் உண்மைதான். எனினும் 'முறை தப்புகிறது' என்று அவர்களால் சொல்ல முடிவதே மனத்தில் ஒரு கணக்கு இருப்பதால்தான். உறவைக் கணக்காக்கினால் பாசம் வற்றிவிடும் என்னும் மறுப்பும் நிற்காது. காதுகுத்தில் எந்த மாமன் மடியில் பிள்ளை உட்கார வேண்டும் என்பதைக் கணக்குச் சொல்லும். அவருடைய அன்பின் அளவை அது சொல்ல வருவதில்லை. வலுவான மறுப்பு வேறு. இந்த உறவுக் கணக்கு முழுதும் ஒரே சாதிக்குள் அடைபட்டது. எல்லைக்கு வெளியே மனம் ஒப்பி மணப்பவர்களுக்கு இதில் முறைச்சொல் கிடையாது. அது கணித விதியின் விளைவு அன்று. சாதி வகுத்த எல்லை, நீதியற்றது. இன்று திருமணத் தகவல் மையங்களின் படிவங்களிலும் கூட்டம் கேட்கப்படுகிறது. ஆயினும் 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி, ஒரே கூட்டம் என்பது மட்டுமே திருமணத்துக்குத் தடையாகாது.