பட்டறையிலிருந்து பயணம் போன பிள்ளைகள்



முன்னாள் மாணவன் ஒருவனின் தாயார் அண்மையில் என்னைக் காண வந்திருந்தார். தொழிற்கல்லூரியில் வெல்டிங் பயின்ற மகன், மேற்பயிற்சிக்கு வெளிநாடு செல்ல விரும்புகிறானாம். “டாக்டருக்குப் படிக்கப் போகிறான் என்றால் பெருமையாகச் சொல்லலாம். இதற்குப் போகிறான் என்று எப்படி சார் சொல்வது? அங்கே அவனைப் பார்த்துக்கொள்ளத்தான் யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டார். இவ்விரு வினாக்களுக்கும் வரலாற்றில் விடை உண்டு.

ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் இடைக்காலந்தொட்டே ஒரு வழக்கம் இருந்தது. தச்சு, கொல்லு, காலணி தைத்தல் முதலிய தொழில்களைக் கற்று முடித்த இளைஞர், மூட்டையுடன் ஊரைவிட்டுப் புறப்படுவர். சில ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று, வெவ்வேறு ஆசான்களிடம் வேலை செய்து நுணுக்கம் பழகுவர். பல கைவினைஞர் சங்கங்களில், இப்பயணத்தை முடிக்காதவர் ஆசானாக முடியாது. ஆக, கைத்தொழிலுக்காக அயல்நாடு செல்வது அன்று இழிவாகக் கருதப்படவில்லை. அதுவே தகுதியாக மதிக்கப்பட்டது.

19-ஆம் நூற்றாண்டில் அச்சங்கங்கள் வலுவிழந்தன. ஆசான் வீட்டிலேயே உண்டு உறங்கும் வழக்கமும் தேய்ந்தது. வந்த ஊரில் ஆதரவின்றி இளைஞர் பலர் சீரழிந்தனர்.

இதனைக் கண்ணால் கண்டவர் அடோல்ஃப் கோல்பிங். 1813-இல் ஆட்டிடையர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். காலணி தைக்கும் தொழில் கற்று, கொலோன் நகரப் பட்டறைகளில் உழைத்தார். 23 வயதில் மீண்டும் பள்ளி சென்று, சிறுவர்களோடு அமர்ந்து படித்து, 1845-இல் பாதிரியார் ஆனார். எல்பர்ஃபெல்ட் நகரில், பிராயர் என்னும் பள்ளி ஆசிரியர் 1846-இல் தொடங்கிய இளந்தொழிலாளர் சங்கம் அவர் கருத்தைக் கவர்ந்தது. அதைப் பின்பற்றி, 1849-இல் கொலோனில் ஏழே இளைஞருடன் ஒரு சங்கம் தொடங்கினார். பயணம் வரும் இளைஞருக்குத் தூய உறைவிடம், மாலை வகுப்பு, நல்ல நட்பு ஆகியவை அங்குக் கிடைத்தன. 1865-இல் அவர் மறைந்தபோது அத்தகைய சங்கங்கள் 400-ஐக் கடந்திருந்தன. இத்தனைக்கும் தொடக்கம் ஓர் ஆசிரியரின் முயற்சி என்பதை நாம் மறக்கலாகாது.

இப்பணி பின்னாளில் அரசுகளின் கடமையாகவும் மலர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1995-இல் தொடங்கிய லியொனார்டோ டா வின்சி திட்டம், தொழில் பயிலும் இளையோர் பிற நாடுகளில் பயிற்சி பெற நிதியுதவி அளித்தது. 2014 முதல் எராஸ்மஸ் பிளஸ் திட்டம் அப்பணியைத் தொடர்கிறது.

அந்தத் தாயாரிடம் இவ்வரலாற்றைச் சொன்னேன். “மகன் போகட்டும், அம்மா. ஆனால் அனுப்புமுன் கேளுங்கள்: கற்பிப்பவர் யார்? தங்குமிடம் எது? ஒப்பந்தத்தில் உள்ளது என்ன? கிடைக்கும் சான்றிதழ் இங்குச் செல்லுமா? துன்பம் வந்தால் யாரை அழைப்பது?” என்றேன். ஒப்பந்தத்தை எடுத்து வாருங்கள், சேர்ந்து படிப்போம் என்றும் கூறினேன்.

பட்டம் படிக்கச் செல்லும் பிள்ளையை மாலையிட்டு வழியனுப்புகிறோம். கைத்தொழில் கற்கச் செல்லும் பிள்ளைக்கும் அதே மாலை உரியது. அதனினும் மேலாக, அவன் போய்ச் சேரும் இடத்தை விசாரித்து வைப்பது பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து ஆற்ற வேண்டிய கடமை. சிந்திப்போம்.