தலைமன்னார் இறங்குதுறை: கட்டுவதற்கு முன் காக்க வேண்டியது

தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே மீண்டும் கப்பல் ஓடும் என்ற பேச்சு நெடுங்காலமாக அடிபடுகிறது. 2024 டிசம்பரில் புதுடில்லியில் வெளியான இலங்கை - இந்தியக் கூட்டறிக்கையிலும் அது இடம்பெற்றது. சேவை வரவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் புதிய துறை அமையும்போது, கடலுக்குள் துருப்பிடித்து நிற்கும் பழைய இறங்குதுறை என்னவாகும் என்பதையும் இப்பொழுதே கேட்டாக வேண்டும்.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், தனுஷ்கோடி வரை புகையிரதம், அங்கிருந்து நீராவிக் கப்பல், தலைமன்னாரிலிருந்து கொழும்புக்கு மீண்டும் புகையிரதம் என இரு நாடுகளும் இணைந்தன. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலும் 1980களின் நடுப்பகுதியில் போரினால் நின்றுபோனது. போரில் அழிந்த புகையிரதப் பாதை 2015 மார்ச் 14இல்தான் தலைமன்னாரை மீண்டும் எட்டியது.

இத்துறையின் வரலாறு பயணிகள் போக்குவரத்துடன் முடிந்துவிடுவதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய தோட்டத் தொழிலாளர், காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். பலர் வழியிலேயே மாண்டனர். 1914க்குப் பின் வந்தோர் மண்டபம் முகாமில் தங்கி, இத்துறையில் இறங்கிப் புகையிரதம் ஏறினர். 1964 அக்டோபர் 30இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென வகுத்தது. அவ்வாறு அனுப்பப்பட்டோரில் பெரும்பாலோர் கப்பலேறியதும் இங்கேதான். பாட்டன் இறங்கிய துறையில் பேரன் கப்பலேறினான்.

இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், கண்டி ஒப்பந்த நாளான 1815 மார்ச் 2ஐ எல்லையாகக் கொண்டது. அதற்கு முற்பட்ட கட்டுமானம் தொன்மைச் சின்னமாகக் கருதப்படும். பிற்பட்டதைத் தனியாக அறிவித்தாக வேண்டும். போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் திருத்திய மன்னார்க் கோட்டை இந்த எல்லைக்குள் அடங்கும். 1914இன் இறங்குதுறை அடங்காது. மலையகத் தமிழரின் இலங்கை வரலாறு ஏறத்தாழ முழுவதும் அந்த நாளுக்குப் பிற்பட்டதே என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

துருப்பிடித்த இரும்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பெருஞ்செலவு. அதனைப் புதிய கப்பல்களுக்குப் பயன்படுத்துவதும் பாதுகாப்பன்று. இவை நியாயமான வாதங்களே. ஆயினும் பழையதை அகற்றினால்தான் புதியது வரும் என்பதில்லை. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலம், பழைய பாலத்தின் அருகிலேயே எழுப்பப்பட்டது. தலைமன்னாரிலும் புதிய துறையைச் சற்றுத் தள்ளி அமைக்கலாம். பழையதை அளந்து, படமெடுத்து, வர்த்தமானியில் அறிவித்து, எஞ்சிய பகுதி மேலும் சிதையாமல் நிறுத்தலாம். வந்தவரின் கதையையும் அனுப்பப்பட்டவரின் கதையையும் மும்மொழிகளில் அங்கே எழுதி வைக்கலாம்.

மலையக மக்களின் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து 2023இல் மாத்தளை வரை நடந்தவர்கள் தலைமன்னாரிலிருந்தே புறப்பட்டார்கள். இவ்விடத்தின் பெறுமதியை மக்கள் அறிந்தேயிருக்கிறார்கள். கட்டுமானத் திட்டம் வரையப்படுமுன் அரசும் அதனை அறிந்துகொள்ள வேண்டும்.