ஏழு சபைத் தீ



வட அமெரிக்காவின் பெரும் புல்வெளிகளுக்குரிய ஒரு குடியினரைச் 'சூ' என்ற பெயரால் உலகம் நெடுங்காலமாக அறிந்துவந்துள்ளது. திரைப்படங்களில் இறகுமுடி தரித்துக் குதிரைமீது பாய்ந்து வருவோர் பெரும்பாலும் இவர்களே. ஆயின் அப்பெயர் அவர்கள் தமக்கு இட்டுக்கொண்டதன்று. அயலாராகிய ஒஜிப்வே மக்கள் இவர்களைக் குறிக்க வழங்கிய நீண்ட சொல்லொன்றைப் பிரெஞ்சுக்காரர் தம் நாவிற்கேற்பத் திரித்தனர். அதன் வால் மட்டும் எஞ்சி வரலாற்று நூல்களில் ஏறிவிட்டது. அவர்கள் தம்மை அழைப்பதோ 'லக்கோட்டா' என்று. நட்புறவு பூண்டோர் என்பது அதன் பொருள்.

இவ்வொரு சொல்லே இனத்தின் கிளைகளையும் காட்டித் தருகிறது. கிழக்கே வாழ்ந்த உறவினர் இதனை 'டக்கோட்டா' என்பர். மேற்கத்தியார் நண்பனைக் 'கோலா' என்றழைக்க, கிழக்கத்தியார் 'கோடா' என்றழைப்பர். இருவர் பேச்சும் ஒருவர்க்கொருவர் விளங்குவதே. நம் மொழியிற் போலவே அம்மொழியிலும் வினை வாக்கியத்தின் இறுதியில் நிற்கும் என்பது நமக்குச் சுவையான செய்தி. வாக்கியத்தை முடிக்கும் அசைச்சொற்களுட் சில ஆடவர்க்கு வேறு, பெண்டிர்க்கு வேறு.

இவ்வினத்தார் யாவரும் 'ஏழு சபைத் தீ' எனப்படும் பேரமைப்பினுள் அடங்குவர். அவ்வேழனுள் ஒன்றே லக்கோட்டா. அஃதும் தன்னுள் ஏழு குலங்களாகப் பிரிந்தது. 'எரிந்த தொடையர்' எனப் பொருள்படும் சிச்சாங்குக் குலத்தார் ஒருசாரார். 'கருங்காலர்' எனப்படும் சிஹாசாப்பர் மற்றொரு சாரார். 'அமர்ந்த எருது' என்ற புகழ்பெற்ற தலைவர் ஹங்க்பாப்பா குலத்தவர். 'வெறிகொண்ட குதிரை' எனப்பட்ட வீரர் ஓக்லாலா குலத்தவர்.

சமயத்தைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறவேண்டும். 'வக்கான் தாங்க்கா' என்ற அவர்களது சொல்லைப் 'பேராவி' என்று மொழிபெயர்ப்பதுண்டு. அது பொருந்தாது என்பது என் கருத்து. 'வக்கான்' என்பது அறிவுக்கெட்டாத புனிதத்தைச் சுட்டும். புதிதாக வந்த குதிரையைக்கூட அவர்கள் 'வக்கான் நாய்' என்றே அழைத்தனர். வெள்ளை எருமைக் கன்றுப் பெண்ணாகத் தோன்றியவள் புனிதப் புகைக்குழலை அளித்தாள் என்பது அவர்தம் ஐதிகம். கோடையில் நிகழும் சூரிய நடனத்தை 1883இல் வெளிவந்த அரசாங்க விதிகள் குற்றமாக்கின. நோன்பு அதனால் அழியவில்லை; மறைவிடங்களில் நடந்தது.

எழுத்தின்றியும் அவர்கள் வரலாறு எழுதினர். ஆண்டுக்கொரு நிகழ்ச்சியைத் தேர்ந்து, அதற்கொரு சித்திரத்தைத் தோலில் தீட்டிவைத்தனர். இதற்குக் 'குளிர்காலக் கணக்கு' என்று பெயர். 1833 நவம்பரில் வானத்திலிருந்து எரிகற்கள் மழைபோற் பொழிந்தன. பல கணக்குகளில் அந்த ஆண்டு 'விண்மீன் உதிர்ந்த குளிர்காலம்' எனப் பதிந்துள்ளது. ஆராய்ச்சியாளர் இதனையே அளவுகோலாகக் கொண்டு ஏனைய சித்திரங்களின் ஆண்டுகளைக் கணித்தனர்.

இனி, நிலத்தின் கதை. கருங்குன்றுகள் அவர்களுக்குப் புனித இடம். 1868ஆம் ஆண்டு லராமிக் கோட்டை உடன்படிக்கை அக்குன்றுகளை அவர்களுக்கே உறுதிசெய்தது. வயதுவந்த ஆடவருள் முக்காற் பங்கினர் ஒப்பமிடாது எப்பகுதியையும் பெறலாகாது என்றும் விதித்தது. 1874இல் அங்கே பொன் கண்டறியப்பட்டது. 1876 ஜூன் 25இல் லிட்டில் பிக்ஹோர்ன் ஆற்றங்கரையில் தளபதி கஸ்ட்டர் தோற்று மாண்டார். மறு ஆண்டே அமெரிக்கப் பாராளுமன்றம் குன்றுகளை எடுத்துக்கொண்டது. ஒப்பமிட்டோர் பத்திலொரு பங்கினரே. 1890 டிசம்பர் 29இல் ஊண்டட் நீ ஓடைக்கரையில் ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடின்றிச் சுட்டுக் கொன்றனர். ஒரே குழியில் 146 உடல்கள் புதைக்கப்பட்டன.

வழக்கு மட்டும் சாகவில்லை. 1980இல் ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம், குன்றுகள் நியாயமான ஈடின்றிப் பறிக்கப்பட்டன எனக் கண்டு, வட்டியுடன் பத்துக் கோடி டொலருக்கு மேற்பட்ட தொகைக்கு அவர்கள் உரியர் எனத் தீர்த்தது. லக்கோட்டா மக்களுள் பலர் வறுமையில் உழல்பவர். எனினும், குன்றுகள் விற்பனைக்கல்ல என்று கூறித் தொகையை ஏற்க மறுத்துவிட்டனர். பணம் அரசாங்கக் கணக்கில் வட்டியோடு வளர்ந்து நூறு கோடி டொலரைத் தாண்டிவிட்டது.