தண்டின் கதை: கௌதமபுரத்தில் பெலே

பெங்களூர் சிவாஜிநகரிலிருந்து அல்சூர் ஏரியைச் சுற்றிக்கொண்டு போனால் கௌதமபுரம். தமிழ் பேசும் தலித் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் பகுதி. அங்கே புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா ஆகிய மூவருக்கும் சிலை உண்டு. அவர்களோடு நான்காவதாக நிற்பவர் பிரேசில் நாட்டுக் கால்பந்து வீரர் பெலே.

உலகக் கோப்பை நடக்கும் மாதத்தில் அந்தத் தெருக்கள் மஞ்சளும் பச்சையுமாகிவிடும். பத்திரிகைகளும் ‘குட்டி பிரேசில்’ என்று தலைப்புப் போட்டு ஒரு படத்தோடு முடித்துக்கொள்ளும். விடிய விடிய டிவி பார்க்கும் ரசிகர்களின் ஆர்வக் கோளாறு என்று அதைக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. புத்தரும் அம்பேத்கரும் நிற்கும் வரிசையில் ஒருவருக்கு இடம் கொடுப்பது சாதாரண மரியாதை இல்லை. அதற்கான காரணத்தில் பாதி பெலேயின் வாழ்க்கையில் இருக்கிறது, மீதி பெங்களூர்த் தண்டின் (கன்டோன்மென்ட்) வரலாற்றில்.

பெலே 1940இல் பிறந்தவர். கறுப்பினத்து ஏழைக் குடும்பம். பந்து வாங்க வழியில்லாமல் காலுறைக்குள் காகிதத்தைத் திணித்து உதைத்தவர், காசுக்காக ஷூவுக்குப் பாலிஷ் போட்டவர். சிறு வயதில் அவர் ஆடிய அணிக்கே ‘செருப்பில்லாதவர்கள்’ என்றுதான் பெயர். 1958, 1962, 1970 என மூன்று உலகக் கோப்பைகளை வென்ற அணிகளில் இருந்தார். 1969 நவம்பர் 19 அன்று மரக்கானா அரங்கில் தன் ஆயிரமாவது கோலை அடித்ததும், சூழ்ந்துகொண்ட ஒலிவாங்கிகளுக்கு முன்னால் ஏழைக் குழந்தைகளை மறந்துவிடாதீர்கள் என்றுதான் அவர் கேட்டுக்கொண்டார். இந்தக் கதையைக் கௌதமபுரத்துப் பையனுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அவன் தாத்தாவும் வெறுங்காலோடு ஆடியவர்தான்.

1809இல் ஆங்கிலேயர்கள் அல்சூரை ஒட்டித் தண்டை அமைத்தபோது மதராஸ் ராணுவத்தோடு தமிழர்களும் வந்தார்கள். சிப்பாய், சமையல்காரர், குதிரைக்காரர், கொத்தனார், துப்புரவுப் பணியாளர், கடைக்காரர் என ஒரு பட்டாளத்துக்கு எத்தனை வேலைகள் உண்டோ அத்தனைக்கும் ஆட்கள் வந்தார்கள். இன்றைய சிவாஜிநகருக்கு அன்று பிளாக்பள்ளி என்று பெயர். மதராஸ் சாப்பர்ஸ் எனப்படும் எம்.இ.ஜி. படைப்பிரிவு இன்றும் அல்சூர் ஏரிக்கரையில்தான் இருக்கிறது. ‘தம்பிகள்’ என்பது ராணுவத்தில் அந்தப் படையினருக்கு உள்ள செல்லப் பெயர். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் மாலை நேரத்தில் பூட்ஸ் காலோடு பந்து உதைத்தார்கள். வேலியோரம் நின்று பார்த்தவர்களின் பிள்ளைகள் அதே ஆட்டத்தை வெறுங்காலில் ஆடத் தொடங்கினார்கள்.

மைதானம் என்றதும் ஆர்க்காடு நாராயணசாமி முதலியாரை நினைக்க வேண்டும். இன்று உயர் நீதிமன்றம் இயங்கும் அட்டாரா கச்சேரியைக் கட்டிய ஒப்பந்தக்காரர் அவர்தான். 1873இல் அவர் தொடங்கிய பள்ளிதான் ஆர்.பி.ஏ.என்.எம்.எஸ். அந்தப் பெயரைத் தாங்கிய மைதானத்தில் பந்தாடாத தண்டுக்காரர்கள் குறைவு. பக்கத்திலேயே மர்ஃபி டவுன், சற்றுத் தள்ளி ஆஸ்டின் டவுன். நந்தன் மைதானம் அங்கேதான் இருக்கிறது.

பம்பாயில் 1891இல் தொடங்கிய ரோவர்ஸ் கோப்பை பல பத்தாண்டுகள் வெள்ளைப் பட்டாளங்களின் சொத்தாகவே இருந்தது. 1937இல் அதைத் தட்டிச் சென்றது பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி. பட்டாளத்தைச் சேராத இந்திய அணி ஒன்று அந்தக் கோப்பையை வென்றது அதுவே முதல்முறை. அடுத்த ஆண்டும் அவர்களே வென்றார்கள். தமிழும் உருதும் கலந்து பேசும் தண்டுத் தெருக்களில் யார் அணி, யார் வீட்டுப் பிள்ளை என்ற கணக்கெல்லாம் பந்து உருளத் தொடங்கியதும் மறைந்துவிடும் என்று நான் நம்புகிறேன்.

1948 ஜூலை 31 நான் மிகவும் நேசிக்கும் நாள். சுதந்திரம் வந்து ஓராண்டுகூட முடியவில்லை. லண்டன் ஒலிம்பிக்கில், இல்ஃபோர்டு மைதானத்தில் இந்தியா பிரான்சை எதிர்த்து ஆடுகிறது. பதினொருவரில் பெரும்பாலோர் வெறுங்காலில் இறங்கியவர்கள். பிரான்ஸ் முதலில் ஒரு கோல் போட்டுவிட்டது. இரண்டாம் பாதியில் பெங்களூரின் சாரங்கபாணி ராமன் அதைச் சமன் செய்தார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த முதல் கோல் அது. கிடைத்த இரண்டு பெனால்டிகளையும் நம்மவர்கள் தவறவிட்டார்கள். கடைசி நேரத்தில் பிரான்ஸ் இன்னொன்று அடித்து 2-1 என்று வென்றது. தோல்விதான். ஆனாலும் வெறுங்காலோடு ஐரோப்பிய அணியைத் திணற அடித்த அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு ஈடாக வேறு எதையும் என்னால் வைக்க முடியவில்லை. ராமன் என்ற பெயர் நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதே அணியில் இன்னொரு பெங்களூர்க்காரர் அகமது கான். கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணியில் ‘பஞ்ச பாண்டவர்’ எனப்பட்ட ஐந்து முன்கள வீரர்களில் ஒருவர். பந்தைக் காலில் ஒட்டவைத்து எதிராளியை மயக்குவதால் ‘பாம்பாட்டி’ என்று பெயர் வாங்கியவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியா பத்து கோல் போட்டபோது இந்தியாவுக்குக் கிடைத்த ஒரே கோல் அவருடையது. கல்கத்தாவின் புகழையெல்லாம் பார்த்துவிட்டு இந்த ஊருக்கே திரும்பி, 2017இல் இங்கேயே காலமானார்.

அடுத்த தலைமுறையில் வந்தவர் அருமைநாயகம். 1962இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தவர், கல்கத்தாவின் மோகன் பகான் அணியின் நட்சத்திரம். எழுபதுகளில் அதே மோகன் பகானின் விங்கில் உலகநாதன் பறந்தார். பெங்களூர்த் தமிழர் இருவரின் பெயரைக் கல்கத்தா ரசிகர்கள் தங்கள் நாக்குக்கு வந்தபடி உச்சரித்துக் கொண்டாடினார்கள்.

பந்து இந்த மக்களுக்குச் சோறும் போட்டது. எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எல்.ஆர்.டி.ஈ. போன்ற அரசு நிறுவனங்கள் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கொடுத்தன. நன்றாக உதைக்கத் தெரிந்த பையனுக்கு மாதச் சம்பளம், பி.எஃப்., குவார்ட்டர்ஸ். துப்புரவு வேலையைத் தவிர வேறு கதவு திறக்காத வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம்! கால்பந்தின் சமூகப் பங்களிப்பு என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்த வீடுகளுக்குப் போய்க் கேட்க வேண்டும்.

1977ஐ இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டுதான் ஃபெடரேஷன் கோப்பை தொடங்கியது. கொச்சியில் நடந்த முதல் இறுதிப் போட்டியில் பெங்களூர் ஐ.டி.ஐ. 1-0 என்று மோகன் பகானைச் சாய்த்தது. டெலிபோன் தொழிற்சாலையின் அணி அது. நான்கைந்து மாதங்கள் கழித்து, செப்டம்பர் 24 அன்று, கல்கத்தா ஈடன் கார்டனில் நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு பெலே இறங்கினார். எதிரணி அதே மோகன் பகான். ஆட்டம் 2-2 என்று முடிந்தது. பெலேயின் அணியை மறித்து நிறுத்திய மோகன் பகானை அந்த ஆண்டிலேயே தோற்கடித்தவர்கள் நம் ஊர்த் தொழிலாளிகள்! இதை ஒரு பெருமையாக நாம் சொல்லிக்கொள்ளவே இல்லை.

இன்று கர்நாடகா எனப்படும் மைசூர் மாநிலம், மாநில அணிகளுக்கான சந்தோஷ் கோப்பையை நான்கு முறை வென்றிருக்கிறது. கடைசி வெற்றி 1968-69இல். பிறகு நீண்ட வறட்சி. ஆஸ்டின் டவுன் கார்ல்டன் சாப்மன் இந்திய அணிக்குக் கேப்டனானதும், 1993இல் ஈராக்கின் அல் ஸவ்ரா அணிக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்கு ஹாட்ரிக் அடித்ததும் இந்த வறண்ட காலத்தில்தான். 2020இல், ஐம்பது வயதை எட்டும் முன்பே அவர் போய்விட்டார். 2023 மார்ச் 4 அன்று ரியாத்தில் மேகாலயாவை 3-2 என்று வென்று கர்நாடகா மறுபடியும் அந்தக் கோப்பையைத் தொட்டது. இடையில் ஓடிய ஆண்டுகள் ஐம்பத்து நான்கு.

கௌதமபுரத்து மக்கள் கடல் கடந்த ஒருவரைத் தங்களவராக்கிச் சிலை வைத்துவிட்டார்கள். ராமனுக்கும் அருமைநாயகத்துக்கும் உலகநாதனுக்கும் செய்ய வேண்டியதையும் அந்த மக்கள் தலையிலேயே சுமத்தக் கூடாது. அது மாநகராட்சியின் வேலை, கால்பந்துச் சங்கத்தின் வேலை. சிவாஜிநகர் ரஸல் மார்க்கெட் சதுக்கத்தில் இந்தப் பெயர்களையெல்லாம் தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் பொறித்து ஒரு கல் நாட்டட்டும். ஆடும் மைதானங்களைக் கார் நிறுத்தக் கொடுக்காமலும் இருக்கட்டும்.

(தொடரும்)