ஒற்றை வரிசைத் துகள்களின் இயக்கம்: ஒரு கருத்தின் வரலாறு

மும்பையின் தாதர் நிலையத்தில் மேற்கு இரயில்வேயின் நடைமேடைகளும் மத்திய இரயில்வேயின் நடைமேடைகளும் அருகருகே உள்ளன. நெரிசல் வேளையில் நடைமேம்பாலப் படிகளில் ஒருவர்பின் ஒருவராக ஏறுவோர் முன்னவரைக் கடக்க இயலாது. ஏறத் தொடங்கிய வரிசையிலேயே மேலே சேர்வர். ஒன்றையொன்று கடக்கவியலாத துகள்களின் வரிசை காலப்போக்கில் எவ்வாறு மாறும் என்னும் வினா இயற்பியலில் நெடிய வரலாறு உடையது. அவ்வரலாற்றில் மும்பைக்கும் பங்குண்டு.

1936இல் லூயி டாங்க்ஸ், ஒரே கோட்டில் மோதித் திரியும் கடினத் தண்டுகளின் அழுத்தத்தைத் துல்லியமாகக் கணக்கிட்டார். தண்டுகள் அடைத்த நீளத்தைக் கழித்துவிட்டால், எஞ்சிய நீளத்தில் அவை நல்லியல்பு வாயுவைப் போலவே அமைகின்றன என்பது அவர்தம் முடிபு. ஆயின் அது சமநிலை பற்றியதேயன்றிக் கால மாற்றம் பற்றியதன்று.

கால மாற்றத்தை 1965இல் ஜெப்சன் ஆராய்ந்தார். சம நிறையுடைய இரு துகள்கள் நேருக்குநேர் மீட்சி மோதலுறும்போது தம் திசைவேகங்களைப் பரிமாறிக்கொள்கின்றன. ஆகவே அவை ஒன்றையொன்று ஊடுருவிச் சென்றன எனக் கொள்ளினும் இழுக்கில்லை. மாறுவது எந்தத் துகள் எது என்னும் பெயர் மட்டுமே. தடையின்றிச் செல்லும் துகளின் இடப்பெயர்ச்சியது வர்க்கச் சராசரி காலத்தின் வர்க்கத்திற்கேற்ப வளரும். வரிசையில் சிக்கிய துகளுக்கோ அது நெடுங்காலத்தில் காலத்திற்கேற்பவே வளர்கிறது. அதே ஆண்டில் ஹாரிஸ் பிரௌனியன் இயக்கமுடைய துகள்களை ஆராய்ந்து, அங்கு அவ்வளர்ச்சி காலத்தின் வர்க்கமூலத்திற்கேற்ப அமைவதைக் காட்டினார். இரண்டிலும் அடுக்கு பாதியாகக் குறைதல் நோக்கத்தக்கது. முறைமாறா வரிசையே இதற்குக் காரணம்.

இது கணித விளையாட்டு மட்டுமன்று. கணவாயின் பெருநரம்பிழையில் பொட்டாசியம் அயனிகள் ஒற்றை வரிசையில் செல்வதாகக் கொண்டால்தான் தம் அளவீடுகள் விளங்கும் என ஹாட்ஜ்கினும் கெய்ன்ஸும் 1955இலேயே கருதினர்.

மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இவ்வாய்வு வேறொரு திசையில் விரிந்தது. 1987இல் தீபக் தார், வளரும் பரப்பொன்றின் மாதிரியைத் துல்லியமாகத் தீர்த்தார். பரப்பின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் வரிசையில் உள்ள துகளாகவும் வெற்றிடமாகவும் கொண்டால் இரண்டும் ஒரே கணக்காகின்றன. 1991இல் சத்திய மஜும்தாரும் முஸ்தன்சிர் பர்மாவும் ஒருபுறமாக உந்தப்படும் வரிசையில் குறியிட்ட துகளின் அலைவை இத்தகைய பரப்புகளின் ஏற்ற இறக்கத்தோடு இணைத்தனர். புள்ளியியல் இயற்பியலுக்கான போல்ட்ஸ்மான் பதக்கம் 2022இல் தாருக்கு வழங்கப்பட்டது.

சம நிறைத் துகள்கள் திசைவேகங்களைக் கைமாற்றுவதால் தொடக்கத்தில் இருந்த வேகங்களின் தொகுதி என்றும் மாறுவதில்லை. அவ்வமைப்பு தன் தொடக்கத்தை மறப்பதில்லை எனலாம். நிறைகள் ஒன்றுவிட்டு ஒன்று வேறுபடின் இந்நிலை குலைகிறது. அத்தகைய அசைவற்ற வரிசையின் ஓரிடத்தில் திடீரென ஆற்றல் புகுத்தினால் நிகழ்வதனைச் சக்கரவர்த்தி, கணபா, கிராபிவ்ஸ்கி, அபிஷேக் தார் ஆகியோர் 2021இல் ஆராய்ந்தனர். மையப்பகுதி நீங்கலாக, வெடிப்பலை பாய்ம இயக்கவியலின் கணிப்போடு ஒத்திருந்தது.

ஆகவே ஒற்றை வரிசை அனைத்தையும் மறக்கிறதா, நினைவில் வைக்கிறதா என்னும் வினாவிற்கு ஒரே விடை இல்லை. வேகங்களைப் பின்தொடர்ந்தால் ஒரு விடையும், பெயரிட்ட துகளைப் பின்தொடர்ந்தால் மற்றொரு விடையும் கிடைக்கின்றன. இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கியதே இத்துறையின் தலையாய பயன்.