ரோசன்வால்டு நல்கையும் கறுப்பினத்தார் பள்ளிகளும்

தமிழகக் கோயிற் சுவர்களில் தம் அறத்தைப் பொறித்து வைத்தோர், ஞாயிறும் திங்களும் உள்ள மட்டும் அது நிலைக்க வேண்டுமென்று விரும்பினர். நொந்தா விளக்குக்கு விடப்பட்ட ஆடுகள் 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. முதல் குன்றாது; பயன் மட்டுமே செலவாகும். இம்மரபில் ஊறிய நமக்கு, தன் முடிவைத் தானே விதித்துக்கொண்ட ஓர் அறக்கட்டளை வியப்பளிக்கும்.

அதனை நிறுவிய ஜூலியஸ் ரோசன்வால்டு (1862–1932), அமெரிக்காவில் குடியேறிய செருமானிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அஞ்சல்வழி விற்பனையால் செழித்த சியர்ஸ் ரோபக் நிறுவனத்தின் தலைவர். அடிமையாகப் பிறந்து கல்வியாளராக உயர்ந்த புக்கர் டி. வாஷிங்டனை 1911இல் சந்தித்தார். மறு ஆண்டு தம் 50ஆம் பிறந்தநாளையொட்டி வாஷிங்டனின் டஸ்கீகி நிறுவனம் வாயிலாக 25,000 டாலர் வழங்கினார். அதில் எஞ்சிய சிறு தொகையைக் கொண்டு அலபாமாச் சிற்றூர்களில் ஆறு பள்ளிகள் கட்ட வாஷிங்டன் இசைவு கேட்டார். அந்த எச்சமே வித்தாயிற்று. 1917இல் ரோசன்வால்டு நிதியம் தோன்றியது. தொடக்கத்தில் அறங்காவலருட் பெரும்பாலோர் குடும்பத்தாரே.

நிதியம் முழுச் செலவையும் ஏற்கவில்லை. ஊரார் தம் பங்கைத் திரட்டவேண்டும். அரசின் கல்வி வாரியமும் பங்கு தரவேண்டும். அதன் பின்னரே நல்கை. கூலிக்கும் குத்தகைக்கும் உழுத அம்மக்களிடம் பணம் ஏது? நிலம் தந்தனர், மரம் வெட்டித் தந்தனர், உழைப்பைத் தந்தனர். உணவு சமைத்து விற்றுக் காசு சேர்த்தனர். பள்ளிக்கென்றே ஒரு துண்டு நிலத்தில் பருத்தி விளைவித்தோரும் உண்டு. 1932க்குள் 15 மாநிலங்களில் ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழுந்தன. மொத்தச் செலவு ஏறத்தாழ 2 கோடியே 84 லட்சம் டாலர். அதில் நிதியம் தந்தது ஏறத்தாழ 43 லட்சம். கறுப்பின மக்கள் தந்ததோ 47 லட்சம். கொடையாளி பெயர் பள்ளிக்கு வழங்கிற்று. கொடையாளியினும் மிகுதியாகக் கொடுத்தோர் பெயர் வழங்கவில்லை.

இவ்விடத்தில் பாராட்டோடு நின்றுவிடுதல் முறையன்று. அம்மக்கள் முன்னரே வரி செலுத்தியவர்கள். அவ்வரியின் பெரும்பகுதி வெள்ளையர் பள்ளிகளுக்கே சென்றது. ஆகவே தம் பிள்ளைகளின் எழுத்தறிவுக்கு அவர்கள் இருமுறை விலை கொடுத்தனர் என்பதே உண்மை. தாம் வாங்கிய நிலத்தையும் எழுப்பிய கட்டடத்தையும் வெள்ளையர் ஆளுகையிலிருந்த அரசு அமைப்புக்கு எழுதிக் கொடுக்கவும் வேண்டியிருந்தது. நிதியத்தாரின் நோக்கில் இதற்கு நியாயம் உண்டு: பள்ளியை நடத்தும் கடமையிலிருந்து அரசு நழுவலாகாது. ஆயினும் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என 1954இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னர், இப்பள்ளிகள் மெல்ல மெல்ல மூடப்பட்டபோது, அவற்றின் கதியைத் தீர்மானிக்கும் உரிமை கட்டியவர் கையில் பெரும்பாலும் இல்லை. இன்று எஞ்சியிருப்பவை பத்தில் ஒரு பங்களவே. கவிஞர் மாயா ஏஞ்சலோ பயின்றதும், குடியுரிமைப் போராளி ஜான் லூயிஸ் பயின்றதும் இத்தகைய பள்ளிகளிலேதான்.

தம் மறைவுக்குப்பின் 25 ஆண்டுகளுக்குள் முதலும் வட்டியும் முழுதும் செலவாகிவிட வேண்டும் என்று ரோசன்வால்டு 1928இல் விதித்தார். ஒவ்வொரு தலைமுறையின் தேவையையும் அத்தலைமுறையே அறியும் என்பது அவர் கருத்து. 1929இல் பங்குச் சந்தை வீழ்ந்து நிதியத்தின் செல்வம் பெரிதும் கரைந்தது. 1932இல் பள்ளிகட்டும் பணியும் நின்றது. எஞ்சியதில் எழுத்தாளர், கலைஞர், ஆய்வாளர் ஆகியோர்க்கான உதவித்தொகை தொடர்ந்தது. லாங்ஸ்டன் ஹியூஸ், ரால்ஃப் எலிசன் ஆகியோர் அதனைப் பெற்றவர்கள். நிதியம் தன் கதவை மூடிய 1948இல் உதவித்தொகை பெற்றவருள் ஒருவர் ஜேம்ஸ் பால்ட்வின். அப்போது அவர்க்கு வயது 24. அத்தொகையில் மிஞ்சியதைக் கொண்டு அவர் பாரிசுக்குப் பயணச்சீட்டு வாங்கினார்.